தார் டிரம்மில் தொங்கிய கறி

வீட்டுக்குப் பின்னால் ஒரு தார் டிரம் கிடக்கிறது. மேல் மூடி தனியாகக் கழன்றது. அடியில் ஒரு பக்கம், ஒரு கை போகிற அளவுக்கு ஓட்டை. அதற்கு மேலே சுற்றிலும் கடப்பாரையால் குத்திய நாலு சின்ன ஓட்டைகள். தண்ணீர் நிற்காது. சாமை கொட்டி வைக்க முடியாது. கோழிகூட அதற்குள் முட்டை வைப்பதில்லை. போன மாதம் பழைய இரும்பு வாங்குகிறவன் ஜமுனாமரத்தூரிலிருந்து வண்டியில் வந்தான். டிரம்மைத் தட்டிப் பார்த்தான். "ஆயா, இத்த குடுத்துடு. ரெண்டு பிளாஸ்டிக் கொடம் தர்றேன்" என்றான். வேண்டாம் என்றேன். "ஓட்ட டிரம்மு இன்னாத்துக்கு ஆயா? உள்ள எதுனா பொதச்சி வெச்சிக்கிறியா?" என்று சிரித்தான். இருக்கட்டும் என்றேன். அவன் போய்விட்டான். அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. டிரம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதர் எனக்காக ஒரு பொய் சொன்னார். அதை இத்தனை வருஷமாக வாயால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். எழுதிவிடலாம்.

என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போன பிறகு நான் ரோட்டு வேலைக்குப் போனேன். மகளுக்கு அப்போது நாலு வயது. எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. மலைக்கு ஏறி வரும் ரோட்டை அகலப்படுத்தித் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். முப்பது பேருக்கு மேல் இருந்தோம். பாதிப் பேர் எங்கள் மலைக்காரர்கள். மண் வெட்டுவது, ஜல்லி உடைப்பது, சுமப்பது எங்கள் வேலை. மீதிப் பேர் படவேடு, கண்ணமங்கலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தார் காய்ச்சுவதும் ஊற்றுவதும் அவர்கள். எல்லோருக்கும் மேலே மேஸ்திரி. அவர் கண்ணமங்கலத்துக்காரர், வேதக்காரர். ஐம்பது வயது இருக்கும். தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. ஜல்லிக் குவியலை ஒரு மூங்கில் குச்சியால் அளப்பார். நாலு விரல் குறைந்தால் குறைந்தது என்பார், கூடினால் கூடியது என்பார். திட்டவும் மாட்டார், குழையவும் மாட்டார். அவர் அளந்த குவியலை யாரும் இரண்டாவது முறை அளந்து நான் பார்த்ததில்லை. மேஸ்திரி சொன்னால் சரி என்பது மலையில் எங்கள் ஊர்க் கவுண்டர் வரைக்கும் தெரிந்த சங்கதி.

அவருக்குப் பிள்ளை இல்லை. மனைவி செத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. அந்த அம்மாவின் அப்பா கோலார் தங்கவயலில் ஒரு துரை வீட்டுச் சமையல்காரராக இருந்தவராம். மாட்டு நெஞ்சுக்கறியை உப்பும் மிளகும் வெல்லமும் தடவி இரண்டு நாள் ஊறவைத்து, நெருப்புப் படாமல் ஒரு பகல் முழுக்கப் புகையில் தொங்கவிடுவதை அங்கே கற்றுக்கொண்டாராம். அது மகளுக்கு வந்தது. கிறிஸ்துமஸ் என்றால் அந்த வீட்டில் புகைக்கறிதான். மனைவி போன பிறகு மேஸ்திரி அதைத் தன் கையால் செய்தார். பண்டிகைக்கு வீட்டுக்குப் போகமாட்டார். போய் யாரைப் பார்ப்பது என்பார். மழை நின்று வேலை சூடு பிடிக்கிற மாதம் அது. அதனால் கூடாரத்திலேயே பண்டிகை. வேலூரிலிருந்து கறி வரும். தேக்கிலையில் சுற்றி, சாக்கில் கட்டி, முதல் பஸ்ஸில் வந்து, பஸ் நிற்கிற இடத்திலிருந்து தலைச்சுமையாக வரும். கீழ்நாட்டு ஆட்கள் அதைப் பெரிய கறி என்பார்கள். மாடு என்ற சொல்லை எங்கள் காதுபடச் சொல்லமாட்டார்கள். அந்த மரியாதை இருந்தது.

எங்கள் மலையில் மாடு தின்பதில்லை. ஏர் பூட்டுகிற மாடு. தின்றவர்களை ஊர் தள்ளி வைக்கும். தொட்டாலும் அப்படித்தான். தள்ளி வைத்தால் நெருப்புக் கொடுக்கமாட்டார்கள், ஊற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டார்கள், பிள்ளைக்குப் பெண் கொடுக்கவோ எடுக்கவோ மாட்டார்கள். மேஸ்திரிக்கு இது தெரியும். அதனால் பண்டிகையன்று இரண்டு அடுப்பு. எங்களுக்குக் கோழி. மேலே ஓடைப் பக்கம், எங்கள் பானையில், எங்கள் பெண் ஒருத்தி சமைக்க வேண்டும். பகல் சாப்பாட்டுக்கு இரண்டு வரிசை, நடுவில் பாதை. மேஸ்திரி முதலில் எங்கள் வரிசைக்குக் கோழிக்குழம்பு ஊற்றுவார். பிறகு அந்த வரிசைக்குப் போய்ப் புகைக்கறியை நாருக்குக் குறுக்கே மெல்லிசாக அறுத்து வைப்பார். எங்களில் யாராவது மறுசோறு கேட்டால், கறி தொட்ட கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார். நாலு பேர் நாலு முறை கேட்டால் நாலு முறை கழுவுவார். எல்லோரும் எழுந்த பிறகுதான் அவர் உட்காருவார்.

புகை போட அவர் எடுத்தது ஒரு காலித் தார் டிரம். முதல் வருஷம் அதைச் சரியாக எரிக்கவில்லை. ரோட்டு வேலைக்காரர்கள் செய்கிற தப்பு அது. காலி டிரம் என்று எண்ணி அப்படியே கறியைத் தொங்கவிட்டார். சூடு ஏற ஏறப் பக்கங்களில் ஒட்டியிருந்த தார் உருகிப் புகைந்து எல்லாம் கறிக்குள் இறங்கிவிட்டது. தின்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றார்கள். தார் காய்ச்சுகிற ஆள் ஒருவர், "இன்னா மேஸ்திரி, வவுத்துக்குள்ளயும் ரோடு போட்டுட்டீங்க" என்றார். எங்கள் வரிசையும் சேர்ந்து சிரித்தது. மேஸ்திரி சிரிக்கவில்லை. தன் இலையில் இருந்ததை முழுக்கத் தின்றார். அடுத்த வருஷம் அதே டிரம்மில் வைக்கோல் போட்டு மூன்று தடவை எரித்து, மணலும் புளியும் வைத்து உள்ளே இறங்கித் தேய்த்தார். வெளியே வரும்போது முகமெல்லாம் கருப்பு. அப்போதும் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் என் காலில் கல் விழுந்தது. சுமக்க முடியவில்லை. உட்கார்ந்தால் அன்றைய கூலி போகும். மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, நீ கறியத் தொட வேணாம். அந்தப் பக்கமே பாக்க வேணாம். நெருப்ப மட்டும் பாத்துக்க. எரிஞ்சிடக் கூடாது, அணஞ்சிடவும் கூடாது." சரிங்க என்றேன். அவ்வளவுதான் பேச்சு. டிரம்மைச் சுற்றிக் கல் அடுக்கி மண் அணைத்திருந்தார். மேலே குறுக்கே ஒரு கம்பி. அதில் கட்டுக்கம்பியால் கறி தொங்கும். மூடி போட்டு அதன்மேல் ஒரு கல். அடி ஓட்டை வழியாகப் புளிய விறகைச் சிம்பு சிம்பாகத் தள்ள வேண்டும். காலையில் வெளிச்சம் வந்ததும் தொடங்கினால் பொழுது சாயும்வரை. காற்று வருகிற பக்கம் உட்கார்ந்துகொள்வேன். புகை மறுபக்கம் போகும். ஆனால் மலைக்காற்று ஒரே பக்கம் அடிப்பதில்லை. சேலை, தலைமுடி எல்லாம் அந்த வாசனை ஏறிவிடும். நல்ல வாசனை என்று சொல்லக் கூடாது. ஆனால் நல்ல வாசனைதான். வீட்டுக்குப் போகுமுன் ஓடையில் முழுகிவிட்டுப் போவேன். அடுத்த வருஷம் கால் சரியாக இருந்தது, ஆனாலும் என்னையே உட்காரச் சொன்னார். எனக்கு நெருப்புப் பக்குவம் தெரிந்துவிட்டது என்றார். மறுநாள் எங்கள் ஆட்களுக்குக் கோழி ஆக்குவதும் நான்தான். வருஷத்தில் அந்த இரண்டு நாள் ஜல்லிக்கூடை தலையில் இருக்காது. அதுவே எனக்குப் பண்டிகை.

மூன்றாவது முறை நான் நெருப்புக்கு உட்கார்ந்தபோதுதான் அது நடந்தது. மத்தியானம் இருக்கும். ஆட்களெல்லாம் தூரத்தில் சின்னப் பாலத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். டிரம்முக்குள் தொப்பென்று சத்தம். ஓட்டை வழியாகப் பார்த்தேன். கட்டுக்கம்பி சூட்டில் இளைத்து அறுந்து, கறி தணலில் கிடந்தது. கொழுப்பு பிடித்து நெருப்பு நீலமாக எழுந்தது. குச்சியால் நெம்பிப் பார்த்தேன், ஏறவில்லை. டிரம்மை உதைத்துத் தள்ள முடியாது, கல் அணைப்பு. கத்தினால் பாலம்வரைக்கும் கேட்காது. விட்டுவிடலாம். என்னை யாரும் கேட்கமாட்டார்கள். தொடாதே என்று சொன்னவரே அவர்தான். ஆனால் அந்த மனிதர் இரண்டு நாளாக உப்புத் தடவித் திருப்பித் திருப்பி வைத்ததைப் பார்த்திருந்தேன். வருஷம் முழுக்க வாய் திறக்காதவர், அதைத் தடவும்போது மட்டும் செத்துப்போன மனைவியிடம் பேசுவதுபோல் உதடு அசையும். நான் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். கல்லைத் தள்ளி மூடியைக் கீழே தட்டிவிட்டேன். அடி ஓட்டையில் ஒரு கையை விட்டுக் கறியைத் தணலிலிருந்து மேலே தூக்கினேன். மேலேயிருந்து மறு கையை விட்டு வாங்கினேன். ஓட்டையின் விளிம்பு முழங்கைக்குக் கீழே சுற்றிப் பிடித்துச் சுட்டது. கறியை வெளியே எடுத்து இரண்டு கையிலும் ஏந்தியபடி நிமிர்ந்தேன். எதிரே என் ஓரகத்தி. வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி, எங்களோடு ரோட்டு வேலைக்கு வருகிறவள். ஓடையிலிருந்து தண்ணீர்க்குடத்தோடு இறங்கி வந்தவள் அப்படியே நின்றாள். "அக்கா" என்றாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கீழே நடந்தாள். அவள் போன பிறகு புதுக் கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கிக் கறியைத் திரும்பத் தொங்கவிட்டேன். இனித் தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன.

பொழுது சாய மேஸ்திரி வந்தார். கறியின் ஒரு பக்கம் கரிந்திருந்தது. என் கையைப் பார்த்தார். "தொட்டியா?" என்றார். தொட்டேன் என்றேன். "யாராவது பாத்தாங்களா?" பார்த்தாள் என்றேன். "வுட்டிருக்கலாம்மா. கறிதானே" என்றார். பிறகு தேங்காயெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் இரண்டு வரிசையும் வழக்கம்போல் உட்கார்ந்தது. நான் சமைத்த கோழியை எங்கள் ஆட்கள் தின்றார்கள், ஓரகத்தியும் தின்றாள். கரிந்த பக்கத்தை மேஸ்திரி தன் இலையில் போட்டுக்கொண்டார்.

ஆறேழு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு வந்தது. சமைக்க ஊரிலேயே ஒரு பெண் வேண்டும், கணவன் இல்லாதவளாக இருந்தால் நல்லது என்றார்கள். என் பேரை எழுதி அனுப்பினார்கள். ஜல்லி சுமந்து கழுத்து தேய்ந்துபோன எனக்கு அது பெரிய சங்கதி. நிழலில் வேலை, மாதச் சம்பளம், மகளுக்கும் ஒரு வேளைச் சோறு. ஓரகத்திக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. அவள் வீட்டுக்காரன் குடிப்பான், இரண்டு பிள்ளைகள். கணவன் இருக்கிறான் என்பதால் அவள் பேர் நிற்கவில்லை. அதனால் ஊர்க் கவுண்டரிடம் போய்ச் சொன்னாள். கூட்டம் கூடியது. "நான் பொய் சொல்லல. பச்சப் புள்ளயத் தூக்கற மாதிரி ரெண்டு கையாலயும் தூக்கிகினு இருந்துச்சி. அந்தக் கையாலதான் நம்ம புள்ளைங்களுக்குச் சோறு போடப் போவுதா? கையத் திருப்பிக் காட்டச் சொல்லுங்க" என்றாள். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். கவுண்டர், "இன்னாம்மா சொல்ற?" என்றார். ஆமாம் என்றால் வேலை மட்டும் போகாது. நானும் மகளும் ஊருக்கு வெளியே. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நின்றேன். கவுண்டர்தான் சொன்னார். "மேஸ்திரியக் கூப்டுங்க. அவரு அளவு தப்பாது."

மறுநாள் காலை வந்தார். காலில் ஜல்லித்தூள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. கவுண்டர் கேட்டார். "மேஸ்திரி, உங்க டிரம்முல இந்தப் பொண்ணு கை வெச்சுதா?" மேஸ்திரி என் பக்கம் பார்க்கவே இல்லை. "வெக்கலீங்க. கம்பி அறுந்து கறி வுழுந்திச்சி. நான்தான் ஓடியாந்து எடுத்தேன்." "அப்ப கையில காயம்?" "தார் பட்டதுங்க." ஓரகத்தி விடவில்லை. "தார் பட்டா வளையல் மாட்டுன மாதிரி வளஞ்சா படும்?" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சத்தியம் செய்யச் சொல்லுங்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கவுண்டர் யோசித்தார். "உங்க சாமி எங்களுக்குத் தெரியாது மேஸ்திரி. உங்களுக்கு யாரு பெருசோ அவங்க மேல சொல்லுங்க" என்றார். மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்தார். அன்றுதான் அவர் தலையை முழுசாகப் பார்த்தேன். வழுக்கை. துண்டைக் கையில் மடித்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார். "செத்துப்போன எம் பொஞ்சாதி மேல சத்தியமா அந்தம்மா கை வெக்கல."

கவுண்டர் என் கையைப் பார்த்தார். மேஸ்திரி முகத்தைப் பார்த்தார். "அளவு சரியாப் போச்சி. எல்லாம் எழுந்துருங்க" என்றார். மேஸ்திரி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தார். நான் வளைவுவரை பின்னாலேயே போனேன். "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்றேன். அவர் நிற்காமலே, "போம்மா. போயி அடுப்பப் பாரு" என்றார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பள்ளி விடுமுறை. கோழி ஆக்கித் தர ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார், போனேன். டிரம் கவிழ்ந்து கிடந்தது. வேலூரிலிருந்து சாக்கு வரவில்லை. தார் காய்ச்சுகிற அதே ஆள், "இன்னா மேஸ்திரி, பெரிய கறி எங்க? வவுறு ரோடு கேக்குதே" என்றார். "பல்லு ஆடுதுப்பா. மெல்ல முடியல" என்றார் மேஸ்திரி. அவர் பல் ஆடவில்லை. முந்தின வாரம்தான் கரும்பைப் பல்லாலேயே உரித்துத் தின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். யாரும் மேலே கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே கோழிக்குழம்பு என்பதால் முதல் முறையாக ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி நடுவில் கை கழுவாமல் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பரிமாறினார். கடைசியில் அவர் உட்கார்ந்தபோது நான் பரிமாறினேன். கோழித்துண்டு வைக்கப் போனேன். இலையின்மேல் கையைக் குறுக்கே வைத்தார். "அவ பேரச் சொல்லிட்டேம்மா. இனிமே இந்த நாள்ல கறி ஆவாது" என்றார். வெறும் சோறும் ரசமும் தின்றார். என் வேலை நிலைத்தது. அவர் பண்டிகை போனது. அந்தக் கணக்கை நான் எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். தேறவில்லை.

ரோடு முடிந்து கூடாரத்தைப் பிரித்தபோது டிரம்மை உருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "தண்ணி புடிச்சி வெச்சிக்க" என்றார். ஓட்டையாக இருக்கிறதே என்றேன். "தார் வெச்சி அடச்சிக்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் அடைக்கவில்லை. பிறகு அவரைப் பார்க்கவில்லை. அவர் செத்துப்போன சேதி இரண்டு வருஷம் கழித்துத்தான் ஒரு பஸ் கண்டக்டர் சொல்லி எனக்குத் தெரிந்தது. அன்றைக்கும் பள்ளியில் சோறு வடித்தேன். இருபத்தொன்பது வருஷம் வடித்தேன். ஓரகத்தியின் இரண்டு பிள்ளைகளும் இந்தக் கையால் தின்று வளர்ந்தார்கள். ஒரு நாள் கவுண்டர் பள்ளிப் பக்கம் வந்து தண்ணீர் கேட்டார். கொடுத்த கையைப் பார்த்து, "தார் காயம் இன்னும் போவலியா?" என்றார். போகலீங்க என்றேன். "போவாது" என்று சிரித்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தார். முழுக்கக் குடித்தார்.

போன டிசம்பரில் ஓரகத்தியின் பேரன் ஆம்பூரிலிருந்து லீவுக்கு வந்தான். செருப்புக் கம்பெனியில் வேலை. பிரியாணிப் பொட்டலம் கொண்டுவந்திருந்தான். அது ஆடா மாடா என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு பல்லை வைத்துக்கொண்டு மெதுவாக மென்றாள். "நீயும் ஒரு வாய் தின்னுக்கா" என்றாள். பசியில்லை என்றேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். நான் அந்தக் கறியை ஒரு நாளும் தின்றதில்லை. வாசனை மட்டும்தான் தெரியும். ஒரு வாயாவது தின்றிருந்தால் அவ்வளவு பயந்ததற்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும் என்று சில நாள் தோன்றும்.

இரும்புக்காரன் போன அன்று மத்தியானம் டிரம் பக்கத்தில் குந்தினேன். அடி ஓட்டையில் கையை விட்டேன். உள்ளே துருவும் காய்ந்த இலையும் இருந்தன. அன்றைக்கு அந்த விளிம்பு என் கையைச் சுற்றிப் பிடித்துச் சுட்டது. தழும்பு அப்படியே இருக்கிறது. கைதான் இளைத்துவிட்டது. இப்போது எங்கும் படாமல் போய்வருகிறது.